தண்ணீர் ‘வரம்புக்குள்’, ஆழிக்குள் அத்தனை உலோகம்: எப்படி?

கழிமுகத்தான் எழுதியது:

எண்ணூர்க் கழிமுகம் பற்றி இந்தக் குழுவில் நிறையப் பேசியாகிவிட்டது. கொசஸ்தலையாற்றில் இறங்கும் சாம்பல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், எல்லாமே. ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. எந்த ஊர் அறிக்கையைப் புரட்டினாலும் தண்ணீரில் உலோக அளவு கண்ணுக்கே தெரியாத எண்ணாக இருக்கிறது. அதே இடத்து ஆழியை (சிப்பி போல இரண்டு ஓடுள்ள, பாறையில் ஒட்டி வாழும் உயிர்) எடுத்துச் சோதித்தால் பல ஆயிரம் மடங்கு. தண்ணீரில் இல்லாதது உடம்புக்குள் எங்கிருந்து வருகிறது?

இன்னொன்று. இங்கே ஒரே ஒரு உலோகம் வருவதில்லை. அனல் மின் நிலையச் சாம்பலில் ஆர்சனிக், செலினியம், ஈயம். மணலிப் பக்கத்து ஆலைகள், சுத்திகரிப்பு நிலையம், துறைமுகம், பிறகு ஊர்ச் சாக்கடை. காட்மியம், துத்தநாகம், செம்பு, நிக்கல், வனேடியம் என்று எல்லாம் கலந்துதான் வருகின்றன. அவை உடம்புக்குள் ஒன்றோடொன்று கூடுமா, ஒன்றையொன்று தடுக்குமா? ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள் யாராவது பொறுமையாகச் சொல்லுங்கள்.

ஆய்வகமேசை எழுதியது:

நான் உலோகப் பகுப்பாய்வு செய்யும் ஆய்வகத்தில் இருக்கிறேன். சிப்பி, ஆழி, இறால் எல்லாம் என் மேசைக்கு வரும். தெரிந்தவரை சொல்கிறேன்.

உலோகம் உள்ளே போக இரண்டு வாசல். ஒன்று தண்ணீர், செவுள் வழியாக. இன்னொன்று தீனி, குடல் வழியாக. தண்ணீரை மட்டும் அளந்தால் முதல் வாசலைத்தான் பார்க்கிறோம். ஒரு பச்சை ஆழி மணிக்குச் சில லிட்டர் தண்ணீரை வடிகட்டி, அதில் மிதக்கும் பாசித்துகள், மண்துகள் எல்லாவற்றையும் வாய்க்கு அனுப்புகிறது. ஈயமும் குரோமியமும் கரைந்து இருப்பதைவிடத் துகளில் ஒட்டியிருக்கவே விரும்புபவை. சோதனைக்கு எடுத்த தண்ணீரை வடிதாளில் வடித்துவிட்டுத்தான் ‘கரைந்த உலோகம்’ அளப்போம். ஆழி தின்னும் பகுதி அந்த வடிதாளிலேயே தங்கிவிடும். பல உயிரினங்களுக்குத் தீனி வழி வருவதுதான் பெரும்பங்கு.

அடுத்தது வெளியேற்றம். உள்ளே வரும் வேகம் கொஞ்சம்தான் என்றாலும், வெளியே போகும் வேகம் அதைவிடக் குறைவு என்றால் அளவு ஏறிக்கொண்டே போகும். காட்மியம் ஆழியின் உடம்பில் ஒருமுறை கட்டுண்டால் பாதியாகக் குறைவதற்கே மாதக்கணக்கில் ஆகும். ஆக, உள்வரவு, வெளியேற்றம், உடம்பின் வளர்ச்சி, இந்த மூன்றின் கணக்குதான் கடைசியில் நாம் காணும் எண். வேகமாக வளரும் பருவத்தில் சதை கூடுவதால் கிராமுக்கு உலோகம் குறைந்ததுபோலத் தெரியும். உலோகம் எங்கும் போயிருக்காது.

இந்தக் கணக்கு ஒவ்வொரு விலங்குக்கும், ஒவ்வொரு உலோகத்துக்கும் தனி. துத்தநாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாசுபட்ட ஒரே கழியில் வாழும் சிப்பியில் உலர் எடையில் கிராமுக்கு ஆயிரக்கணக்கான மைக்ரோகிராம் இருக்கும், ஆழியில் நூறு, இருநூறோடு நிற்கும். படகடியில் ஒட்டும் கொட்டலசு துத்தநாகத்தைப் பாஸ்பேட் மணிகளாக உருட்டி உடம்பிலேயே வைத்துக்கொள்ளும், அதை வெளியே தள்ளுவதே அரிது. இறால் இனங்கள் பலவும் துத்தநாகத்தையும் செம்பையும் ஓர் எல்லைவரை தாங்களே கட்டுப்படுத்தும். பேலமோன் என்ற சிறு இறால் வகையில் செய்த சோதனைகளில், தண்ணீரில் துத்தநாகம் லிட்டருக்குச் சுமார் 100 மைக்ரோகிராம் ஆகும்வரை உடம்பின் அளவு அசையவில்லை. அதைத் தாண்டியதும் ஏறியது. அப்படியானால் அந்த இறாலை மட்டும் சோதித்து “இந்தக் கழியில் துத்தநாகம் இல்லை” என்று எழுதினால் அது பொய்யான ஆறுதல். அதே இறால் காட்மியத்தை அப்படிக் கட்டுப்படுத்தாது. அது வந்தது வந்தபடி சேரும்.

பாடுவலை எழுதியது:

அக்கா, நாங்கள் ஆற்றிலேயே பாடு போட்டுத் தொழில் செய்பவர்கள். மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் இறங்கினால் எல்லாம் கழுவிக்கொண்டு கடலுக்குப் போய்விடும், நல்லது என்றுதான் ஊரில் சொல்வார்கள். அது உண்மையா? எங்கள் ஊர்ப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். சாம்பல் படிந்த இடத்தில் கால் வைத்தாலே வேறு மாதிரி இருக்கும், வழவழவென்று, மாவு போல. அந்தச் சேறு மழையில் போவதில்லை, இடம்தான் மாறுகிறது.

வேதியியல்_வாத்தியார் எழுதியது:

தம்பி பாடுவலை, நீங்கள் சொன்னதில் வேதியியலும் இருக்கிறது. காட்மியத்துக்கு மழைக்காலம் நல்ல காலம் இல்லை.

கடல்நீரில் குளோரைடு அதிகம். காட்மியம் அதோடு பிணைந்து கூட்டயனாக இருக்கும். முழு உப்புள்ள கடல்நீரில் தனி அயனாகச் சுற்றுவது நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான். செவுள் வழியே எளிதாக நுழைவது அந்தத் தனி அயன். ஆற்றுநீர் இறங்கி உப்பு குறைந்தால் குளோரைடும் குறையும், தனி அயனின் பங்கு ஏறும். மொத்தக் காட்மியம் மாறாமல் இருந்தாலும் உயிரினத்துக்குள் போகும் வேகம் கூடும். வெள்ளம் மொத்த அளவை நீர்க்கச் செய்வது உண்மைதான். ஆனால் அடிச்சேற்றையும் கிளப்பிவிடுகிறது. எது மிஞ்சும் என்பது அந்த இடத்தில் அளந்தால்தான் தெரியும்.

காட்மியம் நுழைவதே கால்சியத்தின் வழியில்தான். இரண்டு அயன்களும் ஏறக்குறைய ஒரே பருமன், ஒரே மின்சுமை. அடுத்தவர் பாஸைக் காட்டிப் பேருந்தில் ஏறுவது மாதிரி செவுளின் கால்சிய வாசலில் ஏறிவிடும். அதனால் கால்சியம் அதிகமுள்ள நீரில் காட்மியத்துக்குப் போட்டி அதிகம், நுழைவு குறைவு. மென்னீரில் நேர்மாறு.

செம்பின் கதை வேறு. கரையோர நீரில் அதன் பெரும்பகுதி அழுகிய இலைதழை, சாக்கடைக் கரிமப்பொருளோடு பிணைந்திருக்கும். தனி அயனாக மிகமிகக் கொஞ்சமே. இதனால் சாக்கடை கலப்பது நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆக்சிஜன் போய்விடும். செம்பின் மொத்த அளவை மட்டும் பார்த்து உயிரினத்தின் நிலையைச் சொல்ல முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கழிமுகத்தான் எழுதியது:

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. கலவை பற்றிய கேள்வி இன்னும் நிற்கிறது. துத்தநாகமும் காட்மியமும் சேர்ந்து வந்தால்?

ஆய்வகமேசை எழுதியது:

நிறைய ஆய்வுகள் தடுமாறும் இடம் இதுதான், கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

வாசலில் இரண்டும் போட்டியாளர்கள். துத்தநாகம் மிக அதிகமாக இருந்தால் காட்மியத்தின் நுழைவு குறையலாம். ஆனால் உள்ளே போன பிறகு கதை திரும்பும். உயிரணுவுக்குள் மெட்டாலோதயோனீன் என்ற சிறு புரதம் உண்டு. முதலில் 1957இல் குதிரையின் சிறுநீரகத்தில் கண்டுபிடித்தார்கள், பிறகு மீன், ஆழி, நண்டு என்று எங்கும். கந்தகம் நிறைந்த அந்தப் புரதம் உலோகத்தைக் கவ்விக்கொள்ளும். துத்தநாகம் உள்ளே வந்தால் அந்தப் புரதத்தின் உற்பத்தி தூண்டப்படுகிறது. அடுத்து வரும் காட்மியத்துக்கு அந்தப் புரதத்தின் மேல் பிடிப்பு அதிகம், அது துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு அங்கே உட்கார்ந்துகொள்ளும். செம்பும் பாதரசமும் காட்மியத்தையே தள்ளிவிடக்கூடியவை. ஆக, துத்தநாகம் வாசலில் காட்மியத்தைத் தடுக்கிறது, உள்ளே அதற்குச் சேமிப்பிடம் செய்து தருகிறது. எந்தப் பக்கம் வெல்லும் என்பது அளவையும், எது முதலில் வந்தது என்பதையும் பொறுத்தது. இதனால்தான் “கலவை என்றால் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்” என்று யாராவது எழுதினால் எனக்குத் திருப்தி வருவதில்லை. சில சமயம் கூட்டல், சில சமயம் கழித்தல், சில சமயம் கூட்டலுக்கும் மேல்.

நிலக்கரிச் சாம்பலில் செலினியம் இருக்கிறதே, அதன் வழி முற்றிலும் வேறு. அமெரிக்காவில் வட கரோலினாவின் பெலூஸ் ஏரியில் 1970களில் அனல் மின் நிலையச் சாம்பல் குளத்து நீர் இறங்கியது. தண்ணீரில் செலினியம் லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராம் அளவில்தான் இருந்தது. ஆனால் பாசியிலும் நீர்ப்புழுக்களிலும் ஏறி, மீனின் முட்டைக்குள் போய், குஞ்சுகள் முதுகு வளைந்து பிறந்தன. 20 மீன் இனங்களில் 19 அந்த ஏரியில் இனப்பெருக்கம் இல்லாமல் போயின. பெரிய மீன்கள் செத்து மிதக்கவில்லை, குஞ்சு தங்கவில்லை. சாம்பல் குளத்தை ஒட்டி வாழும் நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை எனக்குத் தெரியவில்லை. நம் ஊர் சோதனைப் பட்டியல்களில் செலினியத்தைச் சேருங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

சந்தைமேடு எழுதியது:

நான் மீன் வியாபாரம் செய்கிறேன். நீங்கள் எல்லாம் படித்தவர்கள், எழுதுகிறீர்கள். ஆனால் “ஆழியில் காட்மியம் 3, வரம்பு 1” என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றினால் அன்றைக்கு எங்கள் கூடை அப்படியே நிற்கிறது. ஆழி மட்டும் இல்லை, வஞ்சிரம்கூட வாங்க மாட்டேன் என்கிறார்கள். அந்த எண்கள் உண்மையா என்று யாராவது கேட்கிறார்களா? எண்ணூரில் பிடித்தது, காசிமேட்டில் ஆழ்கடலிலிருந்து வந்தது, எல்லாம் ஒன்றா?

ஆய்வகமேசை எழுதியது:

அண்ணே, நீங்கள் கேட்பது முழுக்க நியாயம். அந்த “3, 1” ஒப்பீட்டில் பெரிய ஓட்டை இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் உலர் எடைக்கு எண் தருவார்கள். சதையை உலர்த்திப் பொடியாக்கி அளப்பதால் அப்படி. உணவு வரம்புகள் ஈரச் சதைக்கு. ஆழிச் சதையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். எனவே உலர் எடையில் 3 என்றால் ஈர எடையில் 0.6 அளவுதான். ஐரோப்பிய ஒன்றியம் இருவோட்டு உயிர்களுக்கு வைத்திருக்கும் காட்மிய வரம்பு ஈர எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம், ஈயத்துக்கு 1.5. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு உலகளவில் ஆழி போன்றவற்றுக்குக் காட்மியம் 2 என்று வைத்திருக்கிறது, சிப்பிக்கு அது பொருந்தாது. ஆக, உலர் எடை எண்ணை ஈர எடை வரம்போடு ஒப்பிட்டுப் படம் போடுவது தவறு.

வஞ்சிரத்துக்கு இந்தக் கவலையே வேறு. காட்மியம், ஈயம் எல்லாம் மீனின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் எலும்பிலும்தான் தங்கும், தசைக்குக் கொஞ்சம்தான் வரும். உணவுச் சங்கிலியில் மேலே போகப்போகக் கூடுவது மெத்தில் பாதரசம். ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிச்சத்துக்கு வந்த நோய்க்குக் காரணம் அதுதான். காட்மியமும் ஈயமும் பொதுவாக அப்படிப் பெருகுவதில்லை. “பெரிய மீன் என்றால் எல்லா உலோகமும் அதிகம்” என்ற பேச்சை விட்டுவிட வேண்டும். பாதரசத்துக்குப் பெரிய வேட்டை மீனைப் பாருங்கள், காட்மியத்துக்கு ஆழி, சிப்பி, நண்டின் குடல்சுரப்பியைப் பாருங்கள்.

ஆனால் அண்ணே, இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். வரம்புக்குள் இருப்பதால் அளவில்லாமல் சாப்பிடலாம் என்று ஆகாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் சொன்ன அளவு, உடல் எடை கிலோவுக்கு வாரத்துக்கு 2.5 மைக்ரோகிராம் காட்மியம். 60 கிலோ ஆளுக்கு 150 மைக்ரோகிராம். சரியாக வரம்பில் நிற்கும் ஆழி 150 கிராம் தின்றாலே அந்த வாரக் கணக்கு முடிந்துவிடும். அரிசியிலும் கீரையிலும் வருவது அதற்கு மேல். இந்த வரம்புகள் ஒவ்வொரு உலோகத்துக்கும் தனித்தனியே போட்டவை. ஐந்து உலோகமும் ஒவ்வொன்றும் வரம்புக்குக் கொஞ்சம் கீழே நின்றால், எல்லாம் ‘தேர்ச்சி’ என்று சான்றிதழ் வரும். அந்த ஐந்தும் ஒரே தட்டில் ஒரே வயிற்றுக்குப் போகின்றன என்பதற்கு அந்தத் தாளில் இடமே இல்லை. எனக்கு இந்த வேலையில் மிகவும் உறுத்துவது இதுதான்.

கோழிக்கோட்டுவாசி எழுதியது:

இங்கே கேரளத்தில் பச்சை ஆழியைக் கல்லுமக்காய் என்று வாரத்துக்கு இரண்டு முறை சாப்பிடுவோம். நல்ல தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டு வைத்தால் அழுக்கு போய்விடும் என்கிறார்கள். உலோகமும் போகுமா? வேகவைத்தால் குறையுமா?

ஆய்வகமேசை எழுதியது:

சுத்தமான கடல்நீரில் ஓரிரு நாள் விட்டால் குடலில் இருக்கும் மண்ணும் கிருமிகளில் பெரும்பகுதியும் போகும். குடல் மண்ணோடு ஒட்டியிருந்த உலோகமும் போகும். ஆய்வகத்தில் நாங்களும் அறுப்பதற்கு முன் அப்படி ஒரு நாள் விடுவோம், இல்லாவிட்டால் சேற்றை அளந்துவிட்டு ஆழியை அளந்ததாக எழுதுவோம். திசுவுக்குள் கட்டுண்ட உலோகம் ஓர் இரவில் போகாது. வேகவைத்தாலும் உலோகம் அழியாது. தண்ணீர் வற்றிச் சதை சுருங்குவதால் கிராமுக்குக் கூடக்கூடும்.

பிளாஸ்டிக் கத்தியை ஓட்டுக்கு நடுவே விட்டு மூடுதசையை அறுத்தால் ஆழி தானாகத் திறக்கும். உள்ளே கரும்பச்சையாக ஒரு கட்டி தெரியும், அதுதான் செரிமானச் சுரப்பி. பாறையைப் பிடித்துக்கொள்ளும் நார்க்கற்றையை அடியோடு பிடுங்கி எறிய வேண்டும், அதிலும் உலோகம் ஒட்டும். அந்தக் கரும்பச்சைக் கட்டியில் காட்மியம் மற்றச் சதையைவிட நன்றாகவே கூடுதலாக இருக்கும். நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள்பழுப்புக் குழம்பும் அதே வகைச் சுரப்பிதான். இறாலுக்கு அது தலைக்குள். இறால் தலையை இடித்து ரசம் வைப்பது நம் வீடுகளில் வழக்கம், ருசி எனக்கும் தெரியும். மாசுபட்ட கழியில் பிடித்தது என்று தெரிந்தால் தலையையும் நண்டின் குழம்பையும் தவிர்ப்பது நல்லது, குழந்தைகளுக்கு முக்கியமாக.

வேதியியல்_வாத்தியார் எழுதியது:

ஒரு மறுப்பு. உடம்பில் உலோகம் அதிகம் என்பதை வைத்தே உயிரினம் நோயில் இருக்கிறது என்று சொல்லலாகாது. அம்மையார் சொன்ன கொட்டலசின் துத்தநாக மணி அதற்கு உலோகத்தை முடக்கி வைக்கும் வழி. 1986இல் தைவானின் தென்மேற்குக் கரையில் சிப்பிகள் செம்பு ஏறிப் பச்சையாகின, பலவும் உயிரோடுதான் இருந்தன. ஆக, எண் பெரிதாக இருப்பதே அபாயம் என்று எழுதுவது சரியில்லை.

ஆய்வகமேசை எழுதியது:

ஐயா, சிப்பிக்கு அது சரி. சிப்பியைத் தின்பவருக்கு அது சரியில்லை. மணியாக முடங்கிய உலோகம்கூட அடுத்த விலங்கின் வயிற்று அமிலத்தில் ஓரளவு கரையும். புரதத்தில் கட்டுண்டது இன்னும் எளிதாக.

உங்கள் கருத்துக்கு வலு சேர்க்கும் இடமும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மொன்டானாவில் கிளார்க் ஃபோர்க் ஆறு. பியூட், அனகோண்டா சுரங்கக் கழிவால் செம்பு, காட்மியம், துத்தநாகம், ஆர்சனிக் எல்லாம் கலந்து நூறு மைலுக்கு மேல் படிந்த ஆறு. அங்கே சில ஈசல்போன்ற நீர்ப்பூச்சி இனங்கள் மாசுபட்ட பகுதியில் மறைந்தன. வலை பின்னி வாழும் கேடிஸ் புழுக்கள் உடம்பில் உலோகத்தோடு அங்கேயே தங்கின. சேர்ந்த உலோகத்தில் எவ்வளவு பாதுகாப்பாக முடக்கப்பட்டது, எவ்வளவு நொதிகளும் உறுப்புகளும் இருக்கும் பக்கம் அலைகிறது என்பதில்தான் வேறுபாடு. இங்கே நான் எடுத்துக்கொள்வது வேறு. தங்கியிருக்கும் உயிரினத்தை மட்டும் அளக்கும்போது, மறைந்துபோன உயிரினம் கணக்கிலேயே வருவதில்லை. எண்ணூரில் காக்கா ஆழி பரவிக் கிடக்கிறது, அதை எடுத்துச் சோதிப்பது எளிது. முன்பு அங்கே இருந்து இப்போது இல்லாதவற்றை யார் சோதிப்பது?

பாடுவலை எழுதியது:

அதைத்தான் எங்கள் பெரியவர்கள் சொல்கிறார்கள். காக்கா ஆழி வெளியிலிருந்து வந்தது, கப்பலோடு வந்திருக்கும் என்கிறார்கள். அது ஜமுக்காளம் விரித்த மாதிரி சேற்றை மூடிக்கொண்டு, இறால் ஒதுங்கும் இடத்தைக் கெடுக்கிறது. அதை வாரி எடுத்து மீன் தீவனமாக்கலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது.

அடுத்தது தூர்வாருவது. படிந்த சாம்பலை அள்ள வேண்டும் என்று நாங்கள் வருஷக்கணக்கில் கேட்கிறோம். அள்ளினால் உலோகம் கிளம்பும், விட்டுவிடுங்கள் என்று ஒருவர் எங்கள் கூட்டத்திலேயே பேசினார். எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

வேதியியல்_வாத்தியார் எழுதியது:

ஆக்சிஜன் இல்லாத கருஞ்சேற்றில் சல்பைடு என்ற கந்தகச் சேர்மம் இருக்கும். காட்மியம், ஈயம், செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகியவை அதோடு சேர்ந்து கரையாமல் கிடக்கும். கிளறினால் காற்று பட்டு சல்பைடு சிதையும், உலோகம் விடுபடும். அவர் சொன்னதன் அறிவியல் அடிப்படை அது. விட்டுவிடலாம் என்ற முடிவு மட்டும் அதிலிருந்து வராது.

ஆய்வகமேசை எழுதியது:

ஐயா சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். கேள்வி அள்ளுவதா வேண்டாமா என்பதில் இல்லை, எப்படி அள்ளுவது என்பதில். கிளார்க் ஃபோர்க்கில் மில்டவுன் அணையை 2008இல் உடைத்தபோது ஆற்றை ஒரு பக்கவாய்க்காலில் திருப்பிவிட்டு, மோசமான படிவைத் தனியாகப் பிரித்துத் தோண்டி ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். அப்போதும் கீழாற்றில் கொஞ்ச காலம் உலோகம் ஏறத்தான் செய்தது, அதைத் தொடர்ந்து அளந்தார்கள். நம் கழிமுகத்திலும் பகுதி பகுதியாகத் தடுப்புப் போட்டு, இறால் குஞ்சு ஏறும் பருவத்தைத் தவிர்த்து, முன்னும் பின்னும் அளந்துகொண்டு அள்ளலாம். மீனவர் இல்லாமல் அந்தப் பருவத்தை யாரும் சரியாகக் குறிக்க முடியாது.

தீவன யோசனை பற்றி: காக்கா ஆழியும் வடிகட்டித் தின்பதுதான். அது வளர்ந்த இடத்தின் உலோகம் அதில் இருக்கும். சோதிக்காமல் தீவனமாக்கினால் எண்ணூர்ச் சேற்றைப் பண்ணைக் குளத்துக்கு மாற்றியது போலாகும். தயவுசெய்து முதலில் சோதிக்கச் சொல்லுங்கள்.

கழிமுகத்தான் எழுதியது:

அக்கா, அடுத்த மாதம் ஊர்க்கூட்டத்தில் ஒரு மனு எழுதப்போகிறோம். எதைச் சோதிக்கச் சொல்லி எழுதுவது?

ஆய்வகமேசை எழுதியது:

தண்ணீர் மட்டும் போதாது என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். கரைந்தது, துகளில் இருப்பது, அடிச்சேறு மூன்றும் வேண்டும். உயிரினத்தில் குறைந்தது ஒரு ஆழி அல்லது சிப்பி, ஒரு நண்டு அல்லது இறால், மடவை மாதிரி சேற்றை மேயும் ஒரு மீன். ஒன்று கட்டுப்படுத்துவது, ஒன்று சேர்த்துவைப்பது என்று கலந்து எடுத்தால்தான் படம் முழுசாக வரும். ஒரே பருமன் உள்ளவற்றை எடுக்கச் சொல்லுங்கள், சின்ன ஆழிக்கும் பெரிய ஆழிக்கும் கிராம் அளவு மாறும். மழைக்கு முன், மழையில், கோடையில் என்று மூன்று பருவம். செலினியம், ஆர்சனிக், வனேடியம் விடுபட வேண்டாம். ஆர்சனிக்கை மொத்தமாக மட்டும் அளந்தால் போதாது, கடல் உணவில் அது பெரும்பாலும் ஆர்சனோபீட்டைன் என்ற தீங்கு செய்யாத வடிவில் இருக்கும், கனிம ஆர்சனிக்கைத் தனியே பிரித்து அளக்க வேண்டும். அறிக்கையில் ஈர எடையா, உலர் எடையா என்று ஒவ்வொரு அட்டவணையிலும் போடச் சொல்லுங்கள், ஈரப்பத விகிதத்தையும் சேர்த்து. சந்தைமேடு அண்ணன் சொன்ன தொல்லை பாதி அங்கேயே தீரும்.

ஒப்பிட ஓர் இடம் வேண்டும். பழவேற்காட்டில் சாம்பல் எட்டாத பகுதி ஏதாவது கிடைக்குமா?

பாடுவலை எழுதியது:

முகத்துவாரத்துக்கு வடக்கே இடம் இருக்கிறது அக்கா. ஆனால் ஐப்பசியில் தண்ணீர் அந்தப் பக்கம் தள்ளும், அப்போது எடுத்தால் ஒப்பிட முடியாது. மனு எழுதும் அன்றைக்குப் பெரியவர்களைக் கூட்டி வருகிறேன், எந்த இடம், எந்த ஏற்றம் என்று அவர்களே குறித்துத் தருவார்கள். மாதிரி எடுக்க எங்கள் படகிலேயே வரலாம்.